பிள்ளையால் இயலுமா? வைத்தியசாலைப் படிவமும் எமது விடைகளும்

மூட்டுவாதம் முதியோரின் நோய் என்ற எண்ணத்துடனேயே நாம் வளர்ந்திருக்கின்றோம். அம்மம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்ட கைகள் எம்முடையவை. அதே முழங்கால் வீக்கம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வரலாம் என்று எவரேனும் சொன்னால், நம்புவதற்கு எமக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. பிள்ளை நொண்டினால் பள்ளிக்கூடத்தில் விழுந்திருக்கும் என்கின்றோம். காலையில் எழும்ப மறுத்தால் சோம்பல் என்கின்றோம். இரண்டும் பொருந்தாவிட்டால் வளருகிற வயதில் வருகிற நோவு என்று ஆறுதல் கொள்கின்றோம். ஊரிலிருந்து தருவித்த தைலத்தைப் பூசி, புக்கை கட்டி, மாதங்கள் கழிந்த பின்னரே குடும்ப வைத்தியரிடம் செல்வோரும் எம்மிடையே உள்ளனர்.

கனடாவில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இளம்பருவ மூட்டழற்சி காணப்படுகிறது. பதினாறு வயது நிறைவதற்கு முன்னர் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டறிய முடியாத மூட்டழற்சிக்கே மருத்துவர்கள் இப்பெயரை வழங்குகின்றனர். தொண்டை நோவுக்குப் பின்னர் வந்து இருதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சலை ஊரில் அறிந்திருந்தவர்கள், அதனையும் இதனையும் ஒன்றெனக் கருதுவது இயல்பே. வாதக் காய்ச்சலின் மூட்டு நோவு ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவிச் சில வாரங்களில் அடங்கிவிடும். இந்நோயோ வந்த மூட்டில் தங்கிவிடும். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். இன்னும் ஒன்று: சில பிள்ளைகளில் கண்ணின் உட்புறத்திலும் அழற்சி உண்டாகிறது. கண் சிவப்பதில்லை, நோவதுமில்லை; பார்வை மாத்திரம் குறைந்துகொண்டு போகும். ஆகவேதான் மூட்டுக்காகச் செல்லும் பிள்ளையைக் கண் வைத்தியரிடமும் தவறாமல் அனுப்புகின்றனர். அந்தத் தவணையை வீண் அலைச்சல் என்று தவறவிடுவது பெருங்கேடு.

இந்நோயின் மருத்துவத்தை விபரிப்பதற்கு நான் இங்கு முற்படவில்லை. அதனைச் சொல்லத் தகுதியானவர்கள் வைத்தியசாலையில் இருக்கின்றனர். நான் எழுத விரும்புவது, மூட்டு, எலும்பு, வாத நோய்களுள்ள பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோரிடம் காத்திருக்கும் அறையில் வைத்துக் கொடுக்கப்படும் ஒரு படிவத்தைப் பற்றி. அதனை நிரப்பும் விதத்தில் எமது குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே தீங்கு செய்கின்றன என்பது எனது கருத்து. அதே வேளையில், அப்படிவமும் எமது வீடுகளை அறியாமலே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

உலகெங்கும் பரவலாகப் பயன்படும் படிவம் சி.எச்.ஏ.கியூ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வினாக்கொத்தாகும். வயதுவந்தோருக்காக ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிறைஸும் அவரது குழுவினரும் 1980இல் வெளியிட்ட வினாக்கொத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு மாற்றி, குர்கிர்பால் சிங் என்பவரும் அவரது சகாக்களும் 1994இல் இதனை வெளியிட்டனர். முப்பது வினாக்கள், எட்டுப் பிரிவுகள். உடுத்தலும் தலைவாருதலும், எழும்புதல், உண்ணுதல், நடத்தல், சுத்தம் பேணுதல், எட்டி எடுத்தல், பற்றிப் பிடித்தல், ஏனைய அலுவல்கள் என்பனவே அவை. பிள்ளை சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறதா, பொத்தான் பூட்டுகிறதா, தரையிலிருந்து எழும்புகிறதா, ஐந்து படி ஏறுகிறதா, தண்ணீர்க் குழாயைத் திருகுகிறதா, பென்சில் பிடித்து எழுதுகிறதா, துவிச்சக்கர வண்டி ஓட்டுகிறதா என்றவாறு கேள்விகள் தொடர்கின்றன. கடந்த ஒரு வாரத்தில் அதனைச் சிரமமின்றிச் செய்ததா, சற்றுச் சிரமத்துடனா, மிகுந்த சிரமத்துடனா, அன்றேல் செய்யவே முடியவில்லையா என்பதற்கு ஒரு கட்டத்தில் அடையாளமிட வேண்டும்.

இது என்ன பெரிய விடயம், மருத்துவருக்கு மூட்டைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. மூட்டு எவ்வளவு வீங்கியிருக்கிறது, எத்தனை பாகை மடிகிறது என்பது தெரியும். பத்து மணிக்கு வைத்தியசாலைக் கட்டிலில் இலகுவாக மடியும் முழங்கால், காலை ஏழு மணிக்கு வீட்டுக் கட்டிலிலிருந்து இறங்க விட்டதா என்பது தெரியாது. இந்நோயின் இறுக்கம் காலையிலேயே கடுமையாக இருக்கும். நடமாட நடமாடத் தளர்ந்துவிடும். பிள்ளைகளோ நோவை வார்த்தையாற் சொல்வதிலும் பார்க்க, நோகும் காரியத்தைச் செய்யாமல் விட்டு வேறு வழி கண்டுபிடிப்பதில் வல்லவர்கள். வலக்கை மணிக்கட்டு நொந்தால் இடக்கையாற் கதவைத் திறப்பார்கள். குந்தியிருந்து விளையாடுவதை விட்டு நின்றுகொண்டு விளையாடுவார்கள். "நோகுதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். அது பொய்யும் அன்று.

ஆகவேதான் 1997இல் ஜியனினி முதலான ஆய்வாளர்கள், சிகிச்சை பலனளிக்கிறதா என்று தீர்மானிப்பதற்கு ஆறு அளவைகளை வகுத்தபோது, அவற்றுள் ஒன்றாகப் பிள்ளையின் அன்றாடச் செயல்திறனையும் சேர்த்தனர். மருத்துவரின் மதிப்பீடு, பெற்றோரின் மதிப்பீடு, அழற்சியுள்ள மூட்டுகளின் தொகை, அசைவு குறைந்த மூட்டுகளின் தொகை, இரத்தப் பரிசோதனை ஆகியவை ஏனைய ஐந்தும். இவ்வாறினுள் இரண்டு பெற்றோரின் வாயிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். புதிய மருந்துகள் பிள்ளைகளுக்கு ஏற்றவையா என்று ஆராயப்பட்டதும் இவ்வகை அளவைகளைக் கொண்டுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். சற்றுப் பொறுமையாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடயத்தின் சாரம் இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வினாவுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. ஒரு பிரிவிலுள்ள வினாக்களில் எதற்கு அதிக புள்ளி கிடைத்ததோ அதுவே அப்பிரிவின் புள்ளி. அது மட்டுமன்று, ஒரு பிரிவிலுள்ள காரியங்களுக்கு நோயின் காரணமாகப் பிறர் உதவி வேண்டும் என்றோ, விசேட கருவி வேண்டும் என்றோ அடையாளமிட்டால், அப்பிரிவின் புள்ளி குறைந்தது இரண்டாக உயர்த்தப்படும். எட்டுப் பிரிவுகளையும் கூட்டி எட்டால் வகுத்தால் வருவது பிள்ளையின் சுட்டெண். பூச்சியம் என்றால் தடையேதும் இல்லை. மூன்று என்றால் மிகக் கடுமையான தடை.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் எமது நகரத்தவர்கள். யூனிவேர்சிற்றி அவெனியூவிலுள்ள சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பிறையன் பெல்ட்மன், நான்சி யங் ஆகியோர் அடங்கிய குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, 0.13 என்பது இலேசான தடை, 0.63 என்பது இலேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட தடை, 1.75 நடுத்தரமான தடை. சுட்டெண் 0.13 குறைந்தால் பிள்ளைக்குச் சுகம் தெரிகிறது எனலாம். 0.75 கூடினால் நோய் மோசமாகியிருக்கிறது எனலாம்.

எட்டுப் பிரிவுகளில் ஒரேயொரு பிரிவில் ஒரேயொரு படி மாறினால் சுட்டெண் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.13 மாறுகிறது. பெற்றோர் ஒரு கட்டத்தில் இடவேண்டிய அடையாளத்தைப் பக்கத்துக் கட்டத்தில் இட்டாலே, இல்லாத சுகம் இருப்பதாகக் காட்டலாம்.

இப்பொழுது எமது வீடுகளை எண்ணிப் பார்ப்போம். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு குழைத்துத் தீத்தும் அம்மம்மா இல்லாத வீடு எத்தனை? பள்ளிக்கூட வாகனம் வந்துவிடும் என்ற அவசரத்தில் காலுறை மாட்டி, சப்பாத்துப் பூட்டி, குளிர்ச் சட்டையின் இழுப்பியை இழுத்துவிடாத தாய் யார்? பத்து வயதிலும் தலைக்கு வார்த்து விடுகின்றோம். இவையெல்லாம் அன்பின் வழி வந்தவை, நான் பழிக்கவில்லை. ஆனால் உடுத்தல், உண்ணுதல், சுத்தம் பேணுதல் ஆகிய மூன்று பிரிவுகளிலும் "உதவி வேண்டும்" என்று இத்தாய் அடையாளமிட்டால் என்ன நடக்கும்? மூன்று பிரிவுகளுக்கும் தலா இரண்டு, மொத்தம் ஆறு. எட்டால் வகுத்தால் 0.75. அதாவது நோயே இல்லாத ஒரு பிள்ளைக்கு, எமது வீட்டு வழக்கம் மாத்திரமே, நோய் மோசமாகிவிட்டது என்று சொல்லத்தக்க அளவு புள்ளியைக் கொடுத்துவிடும். நோயின் காரணமாக ஏற்பட்ட சிரமத்தை மாத்திரம் குறிக்குமாறு படிவத்தின் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வரியை ஆங்கிலத்தில் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதவர் என்ன செய்வார்?

இதனிலும் ஆபத்தானது எதிர்ப்பக்கத் தவறு. தினமும் தாயே பொத்தான் பூட்டிவிடுவதால், பிள்ளையின் விரல்களுக்குப் பொத்தான் பூட்டும் வலு போய்விட்டது என்பது தாய்க்குத் தெரியவே வராது. "சிரமமில்லை" என்று எழுதிவிடுவார். தாய் ஊட்டிவிடுவதால் விரல்மூட்டு மடியவில்லை என்பது தெரியாது. தாடை மூட்டில் அழற்சி இருந்து வாய் முழுமையாகத் திறக்கவில்லை என்பதும், சோற்றைச் சிறு கவளமாக உருட்டிக் கொடுக்கும் வீட்டில் தெரியாது. சுட்டெண் பூச்சியமாக நிற்கும். மருந்து பலனளிக்கிறது என்று மருத்துவர் எண்ணுவார். அழற்சியோ மூட்டை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அரித்த மூட்டைப் பின்னர் எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

இரண்டு தவறுகளுக்கும் மாற்று ஒன்றே. படிவம் வருவதற்கு முந்திய வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலையிலாவது, எவரும் கைகொடுக்காமல் பிள்ளையைத் தானாக எல்லாவற்றையும் செய்ய விட்டுப் பாருங்கள். நேரம் பிடிக்கட்டும். சேட்டுப் பொத்தானை எப்படிப் பூட்டுகிறது, தரையிலிருந்து எழும்பும்போது கையை எங்கே ஊன்றுகிறது, மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்குகிறதா, போத்தல் மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகுகிறதா என்று பாருங்கள். பார்த்ததை அன்றே குறித்து வையுங்கள். வயதுக்கு மீறிய காரியமானால் "பொருந்தாது" என்ற கட்டம் இருக்கிறது. அதற்கு அடையாளமிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை சப்பாத்துக் கயிறு கட்டாது என்பது மருத்துவருக்கும் தெரியும்.

வேண்டுமென்றே மறைப்போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எழுதச் சங்கடமான விடயம். பெண்பிள்ளைக்கு மூட்டு நோய் என்று வெளியே தெரிந்தால் நாளை கலியாணப் பேச்சில் இடையூறு வரும் என்று அஞ்சி, ஏழு வயதிலேயே மறைக்கத் தொடங்கும் குடும்பங்கள் எம்மிடையே இல்லையென்று எவராலும் சொல்ல முடியுமா? வைத்தியசாலைக் கோப்பைக் கலியாணத் தரகர் வாசிப்பதில்லை. ஆனால் சிகிச்சை பிந்தியதால் ஒரு கால் மற்றதிலும் நீளமாக வளர்ந்துவிட்டால், அதனை ஊரே வாசிக்கும்.

மற்றைய அச்சம் இதனிலும் நியாயமானது. அகதி வாழ்க்கையிலிருந்து பிறந்தது. பிள்ளையால் இதுவும் இயலாது, அதுவும் இயலாது என்று எழுதிக் கையொப்பமிட்டால் குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்விடுமோ, அரசாங்கத்துக்குச் செலவு வைக்கும் பிள்ளை என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்களோ என்ற பயம். படிவம் என்றாலே எமக்குப் பயம்தான். சோதனைச் சாவடியில் ஒரு படிவம், கொழும்பு விடுதியில் பொலிஸ் பதிவுக்கு ஒரு படிவம், விமான நிலையத்தில் ஒரு படிவம் என்று வந்தவர்கள் நாம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்து யோசித்து எழுதிப் பழகிய கை, வைத்தியசாலையில் மாத்திரம் உடனே திறந்துவிடாது.

எனவே சட்டம் சொல்வதைத் தெளிவாகச் சொல்கிறேன். மருத்துவச் செலவு மிகையாகும் என்ற காரணத்தால் ஒருவரை அனுமதிக்க மறுக்கும் விதி கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் உண்டு. ஆனால் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும், பாதுகாப்பு வழங்கப்பட்டவர்களுக்கும், அவர்களது பிள்ளைகளுக்கும் அவ்விதி பொருந்தாது என்று அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விலக்களிக்கிறது. பெற்றோரால் குடும்ப வகுப்பில் அழைக்கப்படும் பிள்ளைகளுக்கும் அவ்விலக்கு உண்டு. மனிதாபிமான அடிப்படையிலோ, தொழில்சார் வகுப்புகளிலோ விண்ணப்பித்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் தமது சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். எவ்வாறாயினும், மூட்டுவாதச் சிகிச்சை நிலையத்தில் நிரப்பும் வினாக்கொத்து குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்பப்படும் ஆவணமன்று. ஒன்ராறியோவில் நோயாளரின் சுகாதாரத் தகவல்களைக் காக்கும் சட்டம் 2004ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. சட்டம் வகுத்த சில விதிவிலக்குகள் தவிர, சம்மதமின்றி அத்தகவலை வெளியே கொடுக்க முடியாது.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டில் மத்திய அரசு அகதிகளுக்கான இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தை வெட்டியபோது, மருந்துச் செலவுக்கு வழியின்றித் தவித்த குடும்பங்களை இந்நகரம் கண்டது. மருத்துவர்களே வீதிக்கு இறங்கி எதிர்த்தனர். 2014 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிபதி ஆன் மக்ரவிஷ் அவ்வெட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாக மீளமைக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளின் நினைவு எமது குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அன்று எம்மைக் கைவிட்டது அரசின் முடிவேயன்றி, பிள்ளையின் கோப்பில் எழுதப்பட்ட உண்மையன்று.

உண்மையை எழுதாததால் இழப்பவை கண்கூடானவை. பள்ளிக்கூடத்தில் தனியாள் கல்வித் திட்டம் வகுத்து, எழுத்து வேலைக்குக் கணினியும் பரீட்சைக்கு மேலதிக நேரமும் கேட்பதற்கு ஆதாரம் தேவை. மாற்றுத்திறனுடையோருக்கான வரிச் சலுகைக்குரிய ரி 2201 படிவத்தில், நடத்தல், உடுத்தல், உண்ணுதல் ஆகியவற்றில் பிள்ளைக்குள்ள தடையை மருத்துவத் துறையினர் உறுதிப்படுத்த வேண்டும். அது ஏற்கப்பட்டாலே 2003இல் தொடங்கப்பட்ட பிள்ளைகளுக்கான மாற்றுத்திறனாளர் கொடுப்பனவு கிடைக்கும். மூட்டுவாதமுள்ள எல்லாப் பிள்ளைகளும் அதற்குத் தகுதி பெறுவதில்லை, நிபந்தனை கடினமானது. ஆனால் மூன்று வருடமாக "சிரமமில்லை" என்று எழுதிவந்த பெற்றோர் நான்காம் வருடம் சென்று இப்படிவத்தை நிரப்பித் தாருங்கள் என்று கேட்டால், மருத்துவர் எதனைப் பார்த்து எழுதுவார்? விலையுயர்ந்த ஊசி மருந்துக்கு அனுமதி கோரி அவர் விண்ணப்பிக்க நேரும்போதும் இதே நிலைதான்.

அடுத்து, யார் விடையளிப்பது என்ற கேள்வி. பல குடும்பங்களில் படிவத்தை வாசித்துத் தாய்க்குச் சொல்வது நோயுள்ள பிள்ளையேதான், அல்லது அதன் அக்கா. இதனை நிறுத்த வேண்டும். தனக்கு மலசலகூடத்தில் அமர்ந்து எழும்ப முடியவில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுமா? அம்மா கவலைப்படுவார் என்று விழுங்கிவிடும். எமது பிள்ளைகள் பெற்றோரின் முகத்தைப் பார்த்து நடப்பவர்கள். இந்நகரின் சிறுவர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. தவணை எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லி வைக்க வேண்டும். "எனக்கு ஓரளவுக்கு இங்கிலீஸ் விளங்கும்" என்ற பெருமையை வாகனத் தரிப்பிடத்தோடு விட்டுவிடலாம்.

பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது; ஆனால் பிள்ளை பேச வேண்டும். இதிலும் எமது நகரம் முன்னோடியாக நின்றிருக்கிறது. நான்சி யங் 1990களில் சிறுவர் வைத்தியசாலையில் உருவாக்கிய ஆஸ்க் என்னும் வினாக்கொத்து, மூட்டு, எலும்பு, தசைக் கோளாறுகளுள்ள ஐந்து முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளிடமே நேராகக் கேட்கிறது. அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, கடந்த வாரம் நீ என்ன செய்தாய் என்று கேட்கும். மற்றையது, உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்கும். செய்வதற்கும் செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் எமது தாய்மாரும் அம்மம்மாக்களும் நிற்கின்றனர். தமிழ்க் குடும்பங்களை மனதிற்கொண்டு அவர் இதனை எழுதவில்லை. ஆனால் எமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இதுவரை எம்மவரைக் கடிந்துகொண்டேன். இனி மருத்துவ உலகுக்கும் சொல்ல ஒன்று உண்டு. சி.எச்.ஏ.கியூ. வினாக்கொத்து, உண்ணும் திறனை அறிவதற்கு, பிள்ளை தனது இறைச்சியைத் தானே வெட்டுகிறதா என்று கேட்கிறது. தானியப் பெட்டி ஒன்றைப் புதிதாகத் திறக்கிறதா என்று கேட்கிறது. மரக்கறி உண்ணும் வீட்டுப் பிள்ளை எந்த இறைச்சியை வெட்டும்? மச்சம் உண்ணும் வீட்டிலும் இறைச்சி சட்டியில் ஏறுமுன்னரே வெட்டப்பட்டுவிடுகிறது. சோற்றைக் குழைத்து, ஐந்து விரலையும் கூட்டி எடுத்து, பெருவிரலால் தள்ளி உண்பதற்கு விரல்மூட்டுகள் ஒவ்வொன்றும் வேலை செய்ய வேண்டும். அதைவிடச் சிறந்த பரீட்சை விரலுக்கு உண்டா? அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தரையிற் சம்மணமிட்டு அரை மணி நேரம் இருந்து எழும்ப முடிகிறதா என்பதும் இல்லை. சங்கீத வகுப்பிலும் கோயிலிலும் எமது பிள்ளைகள் வாரந்தோறும் எழுதும் பரீட்சை அது. அரைமண்டியில் நிற்க முடியாமற் போனதால் நடன ஆசிரியை முதலிற் கண்டுபிடிக்கக்கூடிய இடுப்பு மூட்டு நோயைப் படிவம் காணாது.

இவ்வினாக்கொத்தின் இன்னொரு குறையை ரொறன்ரோ மருத்துவர்களே கண்டுகொண்டனர். நோய் இலேசாக உள்ள பிள்ளைகளுக்கு எல்லா விடையும் பூச்சியமாகவே வந்துவிடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் பின்தங்குகிற பிள்ளைக்கும் ஐந்து படி ஏற முடிகிறது அல்லவா? ஆகவே பெல்ட்மன் குழுவினர் 2004இல் கடினமான எட்டு வினாக்களைச் சேர்த்து முப்பத்தெட்டாக்கினர். பிறர் உதவி, கருவி பற்றிய பகுதியை நீக்கியும் பார்த்தனர். இவ்வாறு திருத்திய வடிவங்கள் நுட்பமாக வேறுபாடு காட்டின. மேலே நான் போட்ட 0.75 கணக்கு அத்தகைய வடிவத்தில் எழாது என்பதையும் கவனிக்க.

மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுவதன்று என்பதையும் உலகம் அறிந்திருக்கிறது. இத்தாலியின் ஜெனோவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிறின்ரோ என்னும் சிறுவர் வாதநோய் ஆய்வு வலையமைப்பு, 2001இல் இவ்வினாக்கொத்தை 32 நாடுகளுக்கு ஏற்றவாறு மொழிபெயர்த்து, ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளிடமும் பரீட்சித்து வெளியிட்டது. முதலில் ஒருவர் மொழிபெயர்ப்பார்; அவர் எழுதியதை வேறொருவர் மூலத்தைப் பாராமலே மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார்; இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுவர்; பின்னர் சாதாரண பெற்றோரிடம் கொடுத்து விளங்குகிறதா என்று கேட்பர். காத்திருக்கும் அறையில் யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி தமிழாக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்றவர்களும் இம்மாகாணத்திலேயே உள்ளனர். மனிற்றூலின் தீவிலுள்ள விக்வெமிக்கோங் முதற்குடி மக்கள், சட்பரியிலுள்ள லோறன்ரியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அதே நான்சி யங்குடன் சேர்ந்து, தமது பிள்ளைகளின் நலத்தை அளக்கும் வினாக்கொத்தைத் தாமே ஆக்கினர். வெளியார் எழுதியதை மொழிபெயர்க்கவில்லை. நலம் என்றால் என்ன என்று தமது பிள்ளைகளிடமே முதலிற் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து கேள்விகளை எழுதினர். எண்ணிக்கையில் எம்மிலும் மிகச் சிறிய சமூகம் அது.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்த் தாதிமார் உண்டு, இயன்மருத்துவர்கள் உண்டு, தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் உண்டு, வைத்தியசாலைகளில் நாளாந்தம் மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எமது சங்கங்கள் வருடந்தோறும் மண்டபம் எடுத்து விழா நடத்துகின்றன. அவற்றுள் ஒன்று ஒரு வார இறுதியை ஒதுக்கி, இவர்களையும் மூட்டு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலரையும் அழைத்து, எமது வீட்டுப் பிள்ளை காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை செய்யும் காரியங்களைப் பட்டியலிடட்டும். சோறு குழைத்து உண்ணுதல், சம்மணமிட்டு இருந்து எழும்புதல், தலை பின்னுதல், மதிய உணவுப் பெட்டியின் மூடி திறத்தல், பனிக்காலத்தில் கையுறை மாட்டிச் சப்பாத்து இழுத்துப் போடுதல், புத்தகப்பையைத் தோளில் ஏற்றுதல். இப்பட்டியலைச் சிறுவர் வைத்தியசாலையின் மூட்டுவாதப் பிரிவினரிடம் கொண்டுசென்று கொடுத்தால், அதனை அளவையாக்கும் முறை அவர்களுக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் வாழும் சமூகம் கேட்பதற்கு இது பெரிய வேண்டுகோளன்று.

அது நடக்கும்வரை, கொடுக்கப்படும் படிவத்தின் ஓரத்தில் வெற்றிடம் இருக்கிறது. கட்டத்தில் அடங்காததை அங்கே எழுதுங்கள். "நாங்கள்தான் உடுத்தி விடுகிறோம், ஆனால் தனக்குத்தானே செய்யவும் இயலும்" என்று எழுதுங்கள். "கையால் சோறு எடுக்கக் கஷ்டப்படுகிறாள், கரண்டி கேட்கிறாள்" என்று எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். மொழிபெயர்ப்பாளர் அதனை வாசித்து மருத்துவருக்குச் சொல்லுவார்.